பாரிமுனையில் அடங்கிய தூசி எங்கே போனது?

சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் இறங்கிக்கொண்டிருந்த காலத்தில், ராயபுரம், பாரிமுனைப் பக்கம் கொடியில் காயப்போட்ட துணியிலும் தூசி படியும். கரியின் கறுப்பு ஒருபுறம், தாதுவின் செம்மண் நிறம் மறுபுறம். 2011 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் இந்த இரண்டு சரக்குகளையும் அங்கே கையாளக் கூடாது என்று உத்தரவிட்டது. அக்டோபரில் அது நடப்புக்கு வந்தது. வரவேற்க வேண்டிய உத்தரவுதான். (உயர் நீதிமன்றமே துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது.)

ஆனால் கரியின் தேவை குறையவில்லை. கப்பல்கள் சுமார் 24 கிலோமீட்டர் வடக்கே, நம் மாவட்டத்து எண்ணூர் துறைமுகத்துக்கு வந்தன. அனல்மின் நிலையங்களுக்குக் கரி இறக்கவென்று 2001இல் தொடங்கப்பட்ட துறைமுகம் அது. இப்போது காமராஜர் துறைமுகம் என்று பெயர். அதைச் சுற்றி இருப்பவர்கள் மீனவர்கள், தலித் மக்கள், கழிமுகத்தில் கையால் இறால் பிடிக்கும் இருளர்கள். அனல்மின் நிலையச் சாம்பலை ஏற்கெனவே சுவாசிப்பவர்கள். சுடுகாடும் குப்பைமேடும் ஊரின் எந்தப் பக்கம் ஒதுக்கப்படும் என்று கிராமத்தில் வளர்ந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தூசிக்கும் அதே வழிதான் கிடைத்திருக்கிறது.

தூசியை இடம் மாற்றுவது வேறு, குறைப்பது வேறு. கரி குவியலைத் திறந்து போடாமல் மூடிய கன்வேயரில் கொண்டுபோகலாம். குவியலுக்குத் தண்ணீர் தெளிக்கலாம். லாரிக்குத் தார்ப்பாய் போட்டு, வெளியே வரும்போது சக்கரத்தைக் கழுவி அனுப்பலாம். கண்ணுக்குத் தெரியாத புகைதான் கூடுதல் ஆபத்து. கரையில் கட்டியிருக்கும் கப்பல், தன் விளக்குக்கும் பம்புக்கும் மின்சாரம் எடுக்க இரவு பகலாக எஞ்சினை ஓட்டுகிறது. அந்தப் புகையின் நுண்துகள் நுரையீரலின் ஆழம் வரை இறங்கும். கரையிலிருந்தே கப்பலுக்கு மின்சாரம் கொடுத்தால் எஞ்சினை அணைத்துவிடலாம்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்தைக் காட்டலாம். அதன் பக்கத்து ஊரான வில்மிங்டனில் பெரும்பாலும் லத்தீன் அமெரிக்க வம்சாவளி உழைப்பாளிகள் வாழ்கிறார்கள். புதிய கப்பல் முனையம் ஒன்றை எதிர்த்து அக்கம்பக்கத்துக் குடியிருப்போரும் சூழல் அமைப்பினரும் 2001இல் வழக்குப் போட்டார்கள். 2003இல் சமரசம் ஏற்பட்டது. மறு ஆண்டே அந்த முனையத்தில் கப்பல்கள் கரைமின்சாரத்தில் நின்றன. 2006இல் பக்கத்து லாங் பீச் துறைமுகமும் சேர்ந்து புகை குறைப்புத் திட்டம் போட்டது. 2008 அக்டோபரில் பழைய டீசல் லாரிகளுக்குத் தடை வந்தது. பத்து ஆண்டுகளுக்குள் டீசல் கரித்துகள் 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. துறைமுகம் மூடப்படவில்லை, வேலையும் போகவில்லை.

நமக்கும் கேட்க ஓர் இடம் சட்டத்தில் இருக்கிறது. பெரிய துறைமுகம் அமைக்க, மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். 30 நாள் முன்பாக நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். திட்ட அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் ஆட்சியர் அலுவலகத்திலும் ஊராட்சியிலும் கிடைக்க வேண்டும். கூட்டத்தில் பேசியதை வீடியோவில் பதிவு செய்து, பதிவான கருத்துகளைத் தமிழில் அங்கேயே விளக்கிச் சொல்ல வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் நம் தெருக்காரர்கள் பின்வரிசையில் நின்றுவிட்டுத் திரும்புவதுதான் வழக்கமாக இருக்கிறது. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் அந்தத் தமிழ்ச் சுருக்கத்தை முன்கூட்டியே வாங்கிவந்து தெருவில் உரக்கப் படித்துக் காட்டலாம். மூடிய கன்வேயர் எத்தனை கிலோமீட்டர், கரைமின்சாரம் எந்த ஆண்டு, காற்றை அளக்கும் கருவி நம் குடியிருப்பில் வைக்கப்படுமா அல்லது துறைமுக அலுவலக வாசலிலா என்ற மூன்று கேள்விகளையும் எழுதிக் கையெழுத்திட்டு ஆட்சியரிடம் கொடுத்தால், அவை பதிவேட்டில் ஏறும்.