சிஷோம் காட்டும் சென்னை

ஆர்.எஸ்.புரம் என்று நாள்தோறும் சொல்லுகிறோம். அவ்விரண்டு எழுத்துக்களுக்குள் இரத்தினசபாபதி முதலியார் என்னும் பெரியார் ஒருவர் அடங்கியிருத்தலை நம்மில் எத்துணைப் பேர் நினைக்கின்றோம்? பெரிய கட்டடங்களின் நிலையும் இத்தகையதே. அவற்றில் பரீட்சை எழுதுகிறோம், தபால் சேர்க்கிறோம், மழைக்கு ஒதுங்குகிறோம். அவற்றை மனத்தில் முதற்கண் கண்டு, பின்னர்த் தாளில் வரைந்தவன் யாவன் என்று கேட்பதில்லை.

இத்தாலி தேசத்தில் விச்சென்சா என்றொரு சிறு நகர் உண்டு. மறுமலர்ச்சிக் காலத்துக் கட்டடச் சிற்பியாகிய ஆந்திரேயா பல்லாடியோ (1508–1580) எழுப்பிய மாளிகைகள் பல அந்நகரில் அருகருகே நிற்கின்றன. ஒருவர் அவற்றை ஒரே நாளில் நடந்து பார்த்து, அச்சிற்பியின் அறிவு வளர்ந்த வகையை அறியலாம். நம் நாட்டிலும் அத்தகைய நடைக்கு இடமுண்டோ எனின், உண்டு. சென்னையில் ராபர்ட் சிஷோம் (1840–1915) கட்டியவற்றைத் தெற்கிலிருந்து வடக்காகக் கண்டு வருதலே அது. வழி ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர். அவ்வழியே நடப்பவர்க்குக் கட்டடங்கள் பெரும்பாலும் கால வரிசையிலேயே எதிர்ப்படுதல் ஒரு தனிச் சிறப்பு.

சிஷோம் இலண்டனிற் பிறந்தவர். நமக்கும் அவர் முற்றும் அயலார் அல்லர். உதகமண்டலத்து நீலகிரி நூல்நிலையம் அவர் வரைந்ததே. 1860-களில் சென்னை அரசாங்கம் நடத்திய போட்டியொன்றில் அவருடைய வரைபடங்கள் பரிசு பெற்றன. அதன் பயனாகக் கடற்கரையில் எழுந்தது மாநிலக் கல்லூரி. நம் நடை இங்கே தொடங்குக. 1870-இல் திறக்கப்பெற்ற இக்கட்டடம் இத்தாலிய முறையைத் தழுவியது. உச்சியிலுள்ள மணிக்கூண்டுக் கும்மட்டம் பிற்காலத்தில் ஏற்றப்பட்டதாதலின், அதனைக் கண்ணால் நீக்கிவிட்டு நோக்குதல் வேண்டும். அங்ஙனம் நோக்கின், மேனாட்டிற் கற்ற பாடத்தைப் பிழையின்றி ஒப்பித்த ஓர் இளைஞனை அதில் காண்போம். கட்டடம் அழகியதே, ஆயினும் அது சென்னையில்தான் நிற்கவேண்டும் என்பதற்கு யாதொரு காரணமும் அதனிடத்து இல்லை.

வடக்கே சில அடி நடந்தால் சேப்பாக்கம் அரண்மனை. ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவுக்காக 1768-இல் எழுந்தது இது. 1855-இல் கடைசி நவாப் மகவின்றி இறந்தபின் அரசாங்கத்தார் கைப்பட்டது. கலசமகால், ஹுமாயூன் மகால் என்னும் இரு பகுதிகளுக்கும் இடையில் உயர்ந்த கோபுரம் ஒன்றை எழுப்பும் வேலை சிஷோமைச் சார்ந்தது. பழைய நகரமன்றம் ஒன்றைச் சுற்றிக் கல் வளைவுத் தாழ்வாரங்களைப் போர்த்தும் பணியை 1549-இல் ஏற்ற பல்லாடியோவை இவ்விடத்து நினைக்கலாம். ஒருவன் கட்டியதனோடு மற்றொருவன் தன் கைவேலையை இணைக்குமிடத்து, முன்னோனுடைய மொழியைக் கற்றே ஆகவேண்டும். சிஷோமும் கற்றார். நவாபின் வளைவுகளுக்கும் கும்மட்டங்களுக்கும் ஒத்த வளைவுகளையும் கும்மட்டங்களையும் தம் வேலையிலும் அமைத்தார்.

ஈண்டு ஒரு வினா எழும். அரசிழந்த மரபின் மாளிகையில் வென்றவர் தம் அலுவலகத்தை வைத்து, அம்மரபின் சாயலையே புதுச்சுவருக்கும் அணிவித்தது மரியாதையோ, அன்றி உரிமை கொண்டாடலோ? இரண்டும் என்பதே நேர்மையான விடை. அக்காலத்துக் கவர்னராகிய நேப்பியர் பிரபு (1866–1872) இந்திய முறைகளைக் கட்டடங்களிற் கையாளுமாறு ஊக்கினார். அரசாங்கத்தின் நோக்கம் எதுவாயினும், சிற்பியின் கண் திறந்தது மெய்.

திறந்த கண் எதனைக் கண்டது என்பதற்குச் சான்று, அடுத்து நிற்கும் செனேட் மண்டபம். சென்னைப் பல்கலைக்கழகத்துக்காக 1874 முதல் 1879 வரை கட்டப்பெற்றது இது. மூலைக்கொன்றாக நான்கு கோபுரங்கள், செதுக்கு வேலையமைந்த கற்றூண்கள், வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் ஆகியவற்றில் பைசாந்தியமும் இஸ்லாமியமும் நம் நாட்டு வேலையும் ஒன்றாகின்றன. 1937-ஆம் ஆண்டில் சட்டசபையும் இங்கே கூடியது. இதற்கு எதிரில், கடற்கரை மணலோரம், 1959-இல் நிறுவப்பெற்ற உழைப்பாளர் சிலை உண்டு. அதனை வடித்த தேவி பிரசாத் ராய் சௌதுரி, முன்னொரு காலத்தில் சிஷோம் தலைமை வகித்த அதே சென்னைச் சித்திரக் கலாசாலைக்குப் பின்னாளில் தலைவராயிருந்தவர். வரைந்தவன் பெயரை நாம் அறிகிறோம். செங்கல் அடுக்கியவர், கல் செதுக்கியவர் பெயர்கள் எவையும் நமக்குக் கிட்டவில்லை. அக்கடனை இச்சிலையின் முன் சிறிது நினைந்து செல்வோமாக.

நேப்பியர் பாலத்தையும் கோட்டையையும் கடந்தால், துறைமுகத்துக்கு எதிரில் 1884-இல் திறக்கப்பெற்ற பொதுத் தபால் நிலையம் தோன்றும். இதற்குள் சிஷோம் திருவனந்தபுரத்தில் நேப்பியர் பொருட்காட்சிச் சாலையைக் (1880) கட்டி முடித்திருந்தார். மலையாள நாட்டுத் தச்சர் மழையை வழியவிடச் சரித்து அமைக்கும் கூரையை அங்கே கற்றவர், அச்சாயலை இத்தபால் நிலையத்தை வரைகையிலும் கலந்தார்.

மேற்கே திரும்பிச் சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடைந்தால், அதன் அயலில் விக்டோரியா பொதுமண்டபம். அரசியாரின் 1887-ஆம் ஆண்டுப் பொன்விழாவை ஒட்டிய பெயர் இது. 1897-இல் விவேகானந்தர் சொற்பொழிவாற்றியதும், பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகங்கள் நடித்ததும் இங்கேதான். இதன் சதுரக் கோபுரத்தை அண்ணாந்து நோக்குக. உடல் இத்தாலியம், தலைமேல் திருவாங்கூர்க் கூரை. காலையில் மாநிலக் கல்லூரியில் அயல்நாட்டுப் பாடத்தை ஒப்பித்தவர், மாலையில் இங்கே இரு நாட்டுப் பாடங்களையும் தம்மதாக்கி நிற்கின்றார். பின்னர் இலண்டன் மீண்டு, 1907-இல் முடிவுற்ற ஒரு தேவாலயத்தையும் அவர் பைசாந்திய முறையிலேயே கட்டினார்.

இக்கட்டடங்கள் என்றும் நிலைப்பன என்று எண்ணுதல் தவறு. 2000-ஆம் ஆண்டில் தபால் நிலையத்தில் தீப்பிடித்தது. 2012 ஜனவரியில் கலசமகாலில் மூண்ட தீயை அணைக்கப் புகுந்த வீரர் ஒருவர் உயிர் நீத்தார். செலவிட்டுச் செப்பனிடுவது அரசாங்கத்தின் வேலை. அச்செலவு தகும் என்று அறிந்திருப்பது குடிமக்களின் வேலை. அவ்வறிவு நின்று பார்ப்பதனால் வருவது.

கோவை மாணவர் பலர், பரீட்சைக்கோ வேலைக்கோ என்றேனும் ஒரு விடியலில் சென்ட்ரலில் வந்து இறங்குவர். அன்று ஒரு பகற்பொழுது ஓய்வு கிடைக்குமாயின், கடற்கரையில் தொடங்கி இவ்வழியே நடக்க. நடை முடியுமிடத்தில் ஊர் திரும்பும் ரயில் காத்திருக்கும். தேர்ந்தவன் என்று பரிசு பெற்றபின்னும் ஒருவன் மாணவனாகவே இருந்தான் என்னும் செய்தியை உடன் கொண்டு அதில் ஏறலாம்.