படம் தொடரானால் பாத்திரங்கள் என்னாகும்?

திரைப்படம் தொலைக்காட்சித் தொடராகும்போது நடிகர்கள் மாறுவது இயல்பு. பாத்திரங்களும் மாறலாமா என்பதே வினா.

கொரியா யுத்தத்து வைத்தியர்களைப் பற்றி அமெரிக்காவில் 1970-ல் வெளிவந்த ‘மாஷ்’ படம் 1972-ல் தொடராயிற்று. பிரதான நடிகருள் கேரி பர்காஃப் ஒருவரே தம் வேடத்தில் நீடித்தார். படத்தில் முக்கியமாயிருந்த ட்யூக் என்னும் வைத்தியர் தொடரில் இல்லவே இல்லை. ஆயினும் மூன்றாண்டு யுத்தத்தின் கதை 1983 வரை ஓடிற்று.

கற்பனைப் பாத்திரங்களுக்கு இது பொருந்தும். சரித்திர புருஷர்களுக்கு எவ்வாறு பொருந்தும்? தூத்துக்குடியின் கதையான ‘கப்பலோட்டிய தமிழ’னை பி. ஆர். பந்துலு 1961-ல் படமாக்கினார். சிவாஜி கணேசன் வ. உ. சி.யாகவும், எஸ். வி. சுப்பையா பாரதியாராகவும், டி. கே. சண்முகம் சுப்பிரமணிய சிவாவாகவும் தோன்றினர். ஜெமினி கணேசன், சாவித்திரி ஜோடியின் காதலுக்கும் அதில் இடம் தரப்பட்டது.

நாளை ஒருவர் இதனைத் தொடராக்கினால் வேறு முகங்கள் வரட்டும், அதற்கு ஆட்சேபமில்லை. ஆனால் கூடுதலாய்க் கிடைக்கும் நேரத்தைப் புதிய காதல்களுக்கும் குடும்பச் சச்சரவுகளுக்கும் செலவிடுதல் தகாது. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனிக்குப் பங்குப் பணம் தந்தவர்கள், 1908-ல் வேலைநிறுத்தம் செய்த கோரல் மில் தொழிலாளர், கணவர் சிறையிலிருந்தபோது குடும்பத்தைத் தாங்கிய மீனாட்சி அம்மாள் ஆகியோரே அந்நேரத்துக்கு உரியவர்கள்.

1912-ல் விடுதலையான வ. உ. சி. 1936 வரை வறுமையோடு வாழ்ந்தார். கப்பல் மிதந்த நாட்களைவிட அவ்வாண்டுகள் மிக நீண்டவை. அவற்றைக் காட்டுவதற்கன்றோ தொடர் வேண்டும்!