உங்களுக்குத் தெரியுமா? முதல் முறை சொகுசுக் கப்பலில்

கப்பலில் ஏறியதும் கால் தானாக பஃபே பக்கம் போகும். அதற்கு முன் அறைக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். ஆபத்து வந்தால் எங்கே கூடவேண்டும் என்று அதில் இருக்கும். ஏழு குறுகிய சங்கொலி, பிறகு ஒரு நீண்ட ஒலி: இதுதான் அபாய அறிவிப்பு. 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய பலருக்குப் பாதுகாப்புப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. 2015 முதல், கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பியவுடனோ பயிற்சி கட்டாயம். சலித்துக்கொள்ளாமல் போய் நில்லுங்கள்.

ஏறும்போது ஒப்படைத்த பெட்டி அறைக்கு வர மாலையாகலாம். மாத்திரையும் மாற்றுடையும் கைப்பையிலேயே இருக்கட்டும். இஸ்திரிப் பெட்டிக்கு அனுமதியில்லை, தீப்பயம். அறைச் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடுதான். நாலு காந்தக் கொக்கி கொண்டுபோனால் ஈரத் துண்டு மாட்டலாம். குமட்டல்காரர்கள் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கேளுங்கள், ஆட்டம் குறைவு. கரை மறைந்ததும் போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். செயற்கைக்கோள் ரோமிங் பில் மயக்கம் வரவழைக்கும். துறைமுகத்தில் இறங்கி ஊர் சுற்றினாலும் கடிகாரம் கப்பல் நேரத்திலேயே இருக்கட்டும். தனியாகச் சுற்றிவிட்டுத் தாமதமாக வருபவருக்காகக் கப்பல் நிற்காது. அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில்தான் ஓடவேண்டும்.