குனிஞ்சீங்க... பார்த்தீங்களா?

தருமபுரி கோட்டைக் கோயிலுக்கு ஃப்ரெண்ட்ஸோட கட்டாயம் போயிருப்பீங்க. மல்லிகார்ஜுனர் சந்நிதி மண்டபத்தில் இருக்கும் தொங்கும் தூண்தான் அங்கே ஸ்பெஷல். தரையைத் தொடாமல் நிற்கும் அந்தத் தூணுக்கு அடியில் ஒரு பேப்பரை விட்டு, அந்தப் பக்கமா இழுத்து, 'அட!'ன்னு வாயைப் பிளந்து, ஒரு செல்ஃபி எடுத்து... முடிஞ்சது டூர்!

ஒரு கேள்வி. பேப்பரை விடக் குனிஞ்சீங்களே, அப்படியே பக்கத்தில் இருக்கும் காமாட்சியம்மன் சந்நிதிக்கு வந்து இன்னொரு தடவை குனிஞ்சீங்களா? அந்தச் சந்நிதியின் அடித்தளத்தைச் சுத்தி குட்டிக் குட்டிச் சிற்பங்களாக ராமாயணமே ஓடுது. நாம கால் நனைச்சுட்டு, கற்பூரம் தொட்டுக்கிட்டு, அதைத் தாண்டி வந்துடறோம்.

தப்பு உங்க மேல இல்லை பாஸ். 'இங்கே பாரு'ன்னு காட்ட ஒருத்தர் பக்கத்தில் இல்லை. அவ்வளவுதான்!

பக்கத்துல ஒரு ஆள் வேணும்

உங்க ஊர் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடியத் தெருக்கூத்து பார்த்த அனுபவம் இருக்கா? சின்ன வயசில் உங்களைப் பக்கத்தில் உட்கார வெச்சுக்கிட்டு, 'இப்ப திரைக்குப் பின்னாடி நிக்கிறான் பார், அவன்தான் துரியோதனன். கிரீடத்தைப் பார், புஜக்கட்டையைப் பார்'னு தாத்தா சொல்லியிருப்பார். அவர் சொல்லச் சொல்லத்தான் வெறும் சத்தமா இருந்தது கதையா மாறும். தூக்கம் ஓடிப் போகும்.

கலையை ரசிப்பதும் அப்படித்தான். அது பிறவியிலேயே வர்ற விஷயம் இல்லை. ஒருத்தர் சொல்லி, இன்னொருத்தர் கேட்டு, அப்புறம் தானாகவே கண் திறப்பது. கிரிக்கெட்டில் எல்.பி.டபிள்யூ. என்னன்னு யாரோ உங்களுக்கும் ஒரு நாள் சொல்லித்தானே கொடுத்தாங்க?

இந்தத் 'தாத்தா வேலை'யைச் செய்யத்தான் கலை ரசனைச் சங்கங்கள் இருக்கு. இங்கிலாந்தில் 1968-ல் சில உள்ளூர் சங்கங்கள் ஒண்ணு சேர்ந்து ஓர் அமைப்பை உருவாக்கின. ஓவியம், சிற்பம், கட்டடக்கலை பற்றி மாதம் ஒரு உரை. கேட்க வர்றவங்க சாதாரண ஊர்க்காரங்க. 2017-ல் 'தி ஆர்ட்ஸ் சொசைட்டி'ன்னு பேரை மாத்திக்கிட்ட அந்த அமைப்பின் கிளைகள் பல நாடுகளில் இருக்கு.

'அது வெள்ளைக்காரங்க ஊருப்பா!'ன்னு சொல்றீங்களா? கொஞ்சம் இருங்க.

சென்னையும் மதுரையும் செஞ்சது

சென்னையில் தமிழ்ப் பாரம்பரிய அறக்கட்டளைன்னு ஓர் அமைப்பு. அதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் பேராசிரியர் சுவாமிநாதன். டெல்லி ஐ.ஐ.டி.யில் இன்ஜினீயரிங் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். ஆமாங்க, இன்ஜினீயரிங்! மாசத்துக்கு ஒரு உரை ஏற்பாடு செஞ்சாங்க. அதோட நிறுத்தாம, கேட்டவங்களைக் கூட்டிக்கிட்டு மாமல்லபுரத்துக்கே கிளம்பினாங்க.

மதுரையில் கதையே வேற. யானைமலையைக் குடைந்து 'சிற்ப நகரம்' அமைக்க 2009-ல் ஒரு திட்டம் வந்தது. அந்த மலையில் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய சமணர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டும் இருக்கு. இருக்கிற சிற்பத்தை விட்டுட்டு, புதுச் சிற்ப நகரத்துக்காக மலையையே குடையறதா? மலையடிவார மக்கள் கொதிச்சு எழுந்தாங்க. திட்டம் கைவிடப்பட்டது. அதையொட்டி எழுத்தாளர் அ.முத்துகிருஷ்ணன் 2010-ல் ஆரம்பிச்சதுதான் 'பசுமை நடை'. ஞாயித்துக்கிழமை காலையில் ஒரு மலைக்கு நடை. பாறையில் உட்கார்ந்து தொல்லியல் அறிஞர் சாந்தலிங்கம் சொல்வதைக் கேட்பாங்க. ஏ.சி. ஹாலும் இல்லை, கட்டணமும் இல்லை. குழந்தைகள் முதல் பாட்டிகள் வரை வந்தாங்க.

கவனிச்சீங்களா? ஒரு மலை பிழைச்சதுக்குக் காரணம், அதில் என்ன இருக்குன்னு தெரிஞ்ச நாலு பேர் அந்த ஊரில் இருந்தாங்க என்பதுதான்.

நம்ம ஊர்ல என்ன இருக்கு?

நிறைய! அதியமான் ஆண்ட தகடூர்தான் நம்ம தருமபுரி. அதியமான் இறந்த பிறகு அவனுக்கு நட்ட நடுகல்லை நினைச்சு ஔவையார் கலங்கிப் பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கு. ஸ்கூலில் மார்க்குக்காகப் படிச்சிருப்போம். ஆனா அந்த வழக்கத்தின் மிச்சம் இன்னும் நம்ம கிராமங்களில் நிக்குதுன்னு யாராவது சொன்னாங்களா?

வேடியப்பன் கோயிலுக்குப் போயிருப்பீங்க. பொங்கல் வெச்சிருப்பீங்க. உள்ளே சாமியா நிற்கும் கல்லை ஒரு தடவை நிதானமாப் பாருங்க. பல இடங்களில் அது ஒரு நடுகல்! ஒரு கையில் வில், இன்னொரு கையில் வாள் அல்லது அம்பு. சில கல்லில் வீரன் உடம்பிலேயே அம்பு தைச்சிருக்கும். காலடியில் மாடு இருந்தா, மாட்டு மந்தைக்காக நடந்த சண்டையில் செத்தவன்னு அர்த்தம். கல்வெட்டில் மந்தைக்குப் பேர் 'தொறு'. மேலே வட்டெழுத்து இருந்தா, எந்த ராஜாவோட எத்தனையாவது ஆட்சி ஆண்டு, செத்தவன் யார், எதுக்காகச் செத்தான் என்ற விவரம் எல்லாம் அதிலேயே இருக்கும். கிட்டத்தட்ட அந்தக் கால எஃப்.ஐ.ஆர்.!

பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில், எடுத்தனூரில் ஒரு கல் இருக்கு. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. அதில் வீரன் கூடவே ஒரு நாயும் செதுக்கியிருக்காங்க. அதன் பேர் கோவிவன். எஜமான் விழுந்த பிறகும் ரெண்டு கள்ளர்களைக் கடிச்சு, அவன் பக்கத்திலேயே காவல் நின்னதாம். 1,400 வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாய்க்குப் பேரும் மரியாதையும் கொடுத்துக் கல்லில் எழுதி வெச்ச ஜனங்க நம்ம பக்கத்து ஊர்க்காரங்க! இது தெரிஞ்ச பிறகு அந்தக் கல்லைச் சும்மா தாண்டிப் போக முடியுமா?

இன்னும் இருக்கு. சேலம் ரோட்டில் அதியமான்கோட்டை. அங்கே சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்தில் அண்ணாந்து பாருங்க. ராமாயண, மகாபாரதக் காட்சிகள் வண்ண ஓவியமா விதானத்தில் இருக்கு. தருமபுரி டவுனிலேயே தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கு. வரிசையா நடுகற்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பார்த்துடலாம்.

தெரியாம இருந்தா என்ன ஆகும்?

இதுதான் முக்கியமான விஷயம். எழுத்து தெரியாதவர் கைக்குப் போன கடுதாசி என்ன ஆகும்? பொட்டலம் மடிக்கத்தான் போகும். அதே கதைதான் இங்கேயும். நடுகல் துணி துவைக்கிற கல்லாகும், வரப்போரம் கவிழ்ந்து கிடக்கும், ரோடு போடும்போது மண்ணுக்குள் போகும். பக்தியோடதான், ஆனாலும் பளபளன்னு எனாமல் பெயின்ட் பூசி எழுத்தை மூடிடுவாங்க. பழைய ஓவியத்து மேலே சுண்ணாம்பு அடிச்சா, அதோட முடிஞ்சது. கெட்ட எண்ணத்தில் யாரும் செய்யறதில்லை. அது என்னன்னு தெரியலை, அவ்வளவே.

உங்க தெருவில் அது தெரிஞ்ச ஒரே ஆளா நீங்க இருந்தாக்கூடப் போதும். 'அண்ணே, அந்தக் கல்லை அசைக்காதீங்க'ன்னு சொல்ல ஒரு வாய் இருக்கும்.

எப்படிச் சேர்றது?

பக்கத்துக் கிருஷ்ணகிரி 2004 வரைக்கும் நம்ம மாவட்டம்தான். அங்கே மாவட்ட வரலாற்று ஆய்வு மற்றும் ஆவணப்படுத்தும் குழுன்னு ஒண்ணு, அரசு அருங்காட்சியகத்தோட சேர்ந்து ஊர் ஊராப் போய் நடுகற்களையும் பாறை ஓவியங்களையும் பதிவு செஞ்சிருக்கு. 1961-ல் ஜீவா தொடங்கிய கலை இலக்கியப் பெருமன்றமும், 1975-ல் தொடங்கிய த.மு.எ.க.ச.வும் மாவட்டங்களில் கூட்டம் நடத்துறவங்கதான். உங்க தமிழ்த்துறை, வரலாற்றுத் துறைப் பேராசிரியர்கிட்ட கேளுங்க. அடுத்த கூட்டம் எங்கேன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும்.

முதல் நாள் போறவங்களுக்குச் சில டிப்ஸ்:

* 'எல்லாம் பெரியவங்களா இருக்காங்களே'ன்னு வாசலோட திரும்பிடாதீங்க. ஒரு இளசு வந்தா அங்கே ராஜ மரியாதை!

* முதல் கூட்டத்தில் பாதி புரியாது. பரவாயில்லை. மூணு கூட்டம் வரைக்கும் பொறுத்துப் பாருங்க.

* ஒரே ஒரு சந்தேகமாவது கேளுங்க. 'இது தெரியாதா?'ன்னு சிரிச்சா சிரிக்கட்டும்.

* கேட்டதை அந்த வாரமே நேரில் போய்ப் பாருங்க. பார்க்காத உரை பாதி உரை.

* கல்வெட்டு மேல சாக்பீஸ் தேய்க்க வேண்டாம். ஓவியத்துக்கு ஃப்ளாஷ் அடிக்க வேண்டாம். புதுசா ஒரு கல் கண்ணில் பட்டா நகர்த்தாம போட்டோ எடுத்து, வி.ஏ.ஓ.வுக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்லுங்க.

பக்கத்தில் எந்தச் சங்கமும் இல்லையா? நீங்களே ஆரம்பிங்க. அஞ்சு பேர், மாசத்தில் ஒரு ஞாயிறு, ஒரு இடம், விஷயம் தெரிஞ்ச ஒருத்தர். ஓய்வு பெற்ற தமிழ் ஐயா, ஸ்தபதி, கூத்து வாத்தியார்... நம்ம ஊரில் ஆளுக்கா பஞ்சம்? செலவு, ஆறு டீ!

முதல் கூட்டத்தை எங்கே வைக்கலாம்னு யோசிக்கிறீங்களா? கோட்டைக் கோயிலிலேயே வையுங்க. இந்தத் தடவை பேப்பர் வேண்டாம். காமாட்சியம்மன் சந்நிதிகிட்ட போய்க் குனிஞ்சு நில்லுங்க. ராமர் எங்கேயிருந்து கிளம்பறார்னு யார் முதல்ல கண்டுபிடிக்கிறாங்கன்னு பார்ப்போம்!