ஈரலும் கொலஸ்திரோலும்

“நான் மச்சம் தொடுவதில்லை, எனக்கு எங்ஙனம் கொலஸ்திரோல் வரும்?” என்று வினவும் அன்பர் நம் ஊரிற் பலர் உளர். வினா நியாயமானதே. தாவர உணவிற் கொலஸ்திரோல் இல்லையென்றே கூறலாம். பால், தயிர், நெய் என்பவற்றில் ஓரளவு உண்டு. ஆயினும், நம் குருதியில் ஓடுவதன் பெரும்பங்கு வாய்வழி வந்ததன்று. உடல் தானே ஆக்கிக்கொண்டது. அவ்வாக்கத்தையும் அதன் அளவையும் ஆளும் தலைமை உறுப்பு ஈரல்.

1847 இல் யாழ்ப்பாணம் வந்த கிறீன் வைத்தியர் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்து, நூல்களையும் பெயர்த்து வைத்தார். ஆதலின் இவ்விடயத்தைத் தமிழில் எழுத நாம் கூச வேண்டியதில்லை.

கொலஸ்திரோல் நஞ்சன்று. கலங்களின் மென்சவ்வு உறுதி பெறுவதும், பாலோமோன்களும் விற்றமின் டீயும் பித்தவமிலங்களும் உண்டாவதும் அதனாலேயே. பித்தக்கற்களில் முதலிற் காணப்பட்டமையாற் பித்தத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாக அதற்குப் பெயரிட்டனர்.

உடல் நாடோறும் ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவான கொலஸ்திரோலை ஆக்குகின்றது. நாம் உண்ணும் சோறும் எண்ணெயும் சிதைந்து வரும் ஈர்காபன் துண்டங்களே மூலப்பொருள். அவை இருபதுக்கு மேற்பட்ட படிகளிற் கொலஸ்திரோலாகின்றன. இவ்வழியை ஆராய்ந்த புளொக், லைனன் என்னும் இருவரும் 1964 இல் நோபல் பரிசு பெற்றனர். அப்படிகளுள் ஒன்றே மடைவாய். அதனை ஆளும் நொதியத்தின் நீண்ட பெயரை எழுதி வாசகரை வருத்த வேண்டியதில்லை.

தோட்டத்துக்கு நீர் கட்டுபவன் பாத்தி நிரம்பியதும் மடையை அடைப்பான், காய்ந்ததும் திறப்பான். ஈரற்கலமும் அவ்வாறே. தன்னுள் கொலஸ்திரோல் குறையின் நொதியத்தைப் பெருக்கும். அத்துடன் தன் புறத்தே ‘வாங்கிகள்’ எனப்படும் புரதங்களையும் மிகுதியாக நிறுத்தும். கொழுப்பு நீரிற் கரையாதாகையாற் புரதத்தோடு பொதியாகக் கட்டுண்டே குருதியிற் செல்லும். அப்பொதிகளைப் பற்றி உள்ளிழுப்பன இவ்வாங்கிகள். கலம் நிரம்பினால் நொதியமும் குறையும், வாங்கிகளும் குறையும். எடுப்பாரற்ற பொதிகள் நாடிச்சுவரிற் படியத் தொடங்கும். இதனைத் தெளிவுறுத்திய பிரவுண், கோல்ட்ஸ்ரைன் என்னும் அமெரிக்கர் 1985 இல் நோபல் பரிசு பெற்றனர். பிறவியிலேயே வாங்கிக் குறைபாடுடையோரை ஆராய்ந்தே அவர்கள் இதனைக் கண்டனர். அக்குறைபாடு ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு உண்டு. மெலிந்த உடலினரும் சைவ உணவினரும் அவருள் அடங்குவர்.

இனி நம் அடுக்களைக்கு வருவோம். தேங்காய்ப்பாலிற் கொலஸ்திரோல் இல்லை. ஆனால் அதன் கொழுப்பிற் பத்தில் ஒன்பது பங்கு வரை நிரம்பிய கொழுப்பு. அது மிகும்போது ஈரலின் வாங்கிகள் தளர்கின்றன. குருதியிற் பொதிகள் தேங்குகின்றன. எண்ணெய்ப் போத்தலில் ‘கொலஸ்திரோல் அற்றது’ என்று பொறித்திருப்பது பொய்யன்று, முழு உண்மையுமன்று. சொதியை ஒழிக்குமாறு நான் கூறவில்லை. அஃது யாழ்ப்பாணத்தில் நடவாத காரியம். முதற்பாலைக் குறைக்கலாம், தாளிதத்துக்கு நல்லெண்ணெய் கொள்ளலாம்.

கொலஸ்திரோலின் வளையங்களை உடைக்க உடலால் இயலாது. வெளியேறும் பெருவழி பித்தமே. ஈரல் அதனைப் பித்தவமிலமாக்கிக் குடலுக்கு அனுப்பும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு மீண்டும் ஈரலுக்கே திரும்பும். பயறு, கடலை, வெண்டிக்காய் முதலியவற்றின் கரையும் நார் சிறிதளவைப் பற்றி வெளியேற்ற, ஈரல் அவ்விழப்பை ஈடுசெய்யக் குருதியிலிருந்து கொலஸ்திரோலை எடுக்கும்.

1973 இல் யப்பானிய அறிஞர் அகிரா எண்டோ ஒரு பூஞ்சணத்தில் அம்மடைவாயை அடைக்கும் பொருளைக் கண்டார். ஸ்ரற்றின் குளிசைகள் அவ்வழி வந்தவை. ஆக்கம் குறைய, ஈரல் வறட்சியுணர்ந்து வாங்கிகளைப் பெருக்கிக் குருதியைத் துப்புரவாக்கும். சோதனையில் அளவு இறங்கியதும், “சுகமாயிற்று” எனக் குளிசையை நிறுத்துவோர் உளர். இறங்கியது மடை அடைபட்டிருந்தமையாலேயே. குளிசை நின்றால் மடை திறக்கும்; சில கிழமைகளிற் பழைய அளவே மீளும். தசைநோவு போன்ற தொல்லை தோன்றின் வைத்தியரிடம் கூறலாம். அளவைக் குறைக்கவோ வேறு மருந்து தரவோ அவரால் இயலும்.