உளநோயும் தொழில் உரிமையும்: பிரித்தானியச் சட்டம் கேட்கும் சான்று

யுத்தத்தின் நினைவுகளோடு பிரித்தானியாவில் வேலைக்குப் போகும் எம்மவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “மனவழுத்தம் என்று வைத்தியர் கடிதம் தந்திருக்கிறார். இதைக் காட்டினால் வேலையால் நிறுத்த மாட்டார்கள்தானே?” கடிதம் தேவைதான். ஆனால் அது மட்டும் போதாது.

இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்து ஆகியவற்றில் நடைமுறையில் இருப்பது 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம். உடல் அல்லது உளக் குறைபாடு ஒன்று ஒருவரின் வழமையான அன்றாடச் செயல்களைக் கணிசமாகவும் நீண்டகாலமாகவும் பாதித்தால், அது இயலாமை என்கிறது அதன் 6 ஆம் பிரிவு. ‘கணிசம்’ என்றால் அற்பமானதைவிடக் கூடியது, அவ்வளவுதான். ‘நீண்டகாலம்’ என்றால் 12 மாதங்கள் நீடித்தது அல்லது நீடிக்கக்கூடியது. சுகமாகிப் பின் திரும்பி வரக்கூடிய நோயும் இதற்குள் அடங்கும்.

ஆகவே தொழில் நியாயசபை முதலில் பார்ப்பது, அந்த நோயால் உங்களுக்கு என்னென்ன முடியாமல் போகிறது என்பதையே. இரவில் எத்தனை மணிநேரம் உறங்குகிறீர்கள்? சனம் நிறைந்த பஸ்ஸில் ஏற முடிகிறதா? அடுப்பில் வைத்ததை மறந்துபோகிறீர்களா? குளிசை எடுப்பதால் நிலைமை சீராக இருந்தாலும், அது இல்லாவிட்டால் எப்படி இருப்பீர்கள் என்றே சட்டம் கணக்கிடுகிறது.

இந்த இடத்தில் எங்களுடைய பழக்கம் ஒன்று எங்களுக்கே எதிராகிறது. வைத்தியர் கேட்டால் “பரவாயில்லை, சமாளிக்கிறேன்” என்கிறோம். மகளை மொழிபெயர்க்க வைத்துவிட்டு, அவள் முன்னால் சொல்ல முடியாததை விழுங்கிவிடுகிறோம். மருத்துவப் பதிவேட்டில் ‘சமாளிக்கிறார்’ என்பதே பதிவாகிறது. பின்னர் முதலாளியின் சட்டத்தரணி அதைத்தான் எடுத்துக் காட்டுவார். மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

1990களின் இறுதியில், காப்புரிமை அலுவலகத்தில் வேலைசெய்த, மனச்சிதைவு நோயுள்ள ஒருவரின் வழக்கு மேன்முறையீட்டுக்குப் போனது. அவர் வீட்டில் தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறார் என்பதால் இயலாமை இல்லை என்று கீழ்ச்சபை முடிவெடுத்திருந்தது. மேன்முறையீட்டுச் சபை அதை மாற்றியது. செய்யக்கூடியதை எண்ணாமல், செய்ய முடியாததையும் சிரமப்பட்டே செய்வதையும் பார்க்க வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

இது வேலைத்தளப் பிணக்கால் வந்த கவலை மட்டுமே என்று முதலாளி தரப்பு வாதிடலாம். அதனால் பாதிப்பு எப்போது தொடங்கியது, வேலைக்கு வெளியே எப்படித் தெரிகிறது என்பதைத் திகதியிட்டு எழுதி வையுங்கள். நோயின் பெயரோடு, அன்றாடப் பாதிப்பையும் மருந்தில்லாத நிலையையும் குறிப்பிடும்படி வைத்தியரிடம் கேளுங்கள். முதலாளிக்கு எழுத்தில் அறிவியுங்கள். தெரியாது, தெரிந்திருக்கவும் வழியில்லை என்று அவர் காட்டினால், வேலைநேர மாற்றம் போன்ற நியாயமான வசதிகளைச் செய்யாததற்கு அவர் பொறுப்பாக மாட்டார். பிணக்கு வந்தால் உடனே ‘ஏகாஸ்’ அமைப்பைத் தொடர்புகொள்ளுங்கள். முறைப்பாட்டுக்கான காலக்கெடு சில மாதங்கள்தான்.

இலங்கையில் இருப்பவர்களுக்கு இந்த வழி இல்லை. இங்குள்ள 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டமும் உளத்திறன் குறைபாட்டைச் சேர்த்துக்கொள்கிறது, ஆட்சேர்ப்பில் பாகுபாட்டைத் தடுக்கிறது. ஆனால் தன் வாழ்வின் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தானே நிறைவேற்ற இயலாதவர் என்பதே அதன் வரைவிலக்கணம். உறக்கமின்றி, நடுங்கியபடி, ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போய்வருபவர் அதற்குள் அடங்குவது கடினம். எங்கள் ஊர்களில் அப்படிப் போய்வருபவர்கள்தான் அதிகம்.