பழைய கார்மீது திருடனுக்கு ஏன் கண்?

சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் ஒரு காலத்தில் கார் என்றால் அது துரையின் கார்தான். பிறகு கிராணி வாங்கினார். சிறுகச் சிறுகச் சேமித்த மண்டோரும் வாங்கினார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் காலியாகி, சனங்கள் ஈப்போவுக்குக் குடிபெயர்ந்தபோது சில குடும்பங்களோடு அந்தக் காரும் கூடவே வந்தது. இன்றும் ‘ஏ’ எழுத்தில் தொடங்கும் பேராக் எண் பலகையோடு, தார்ப்பாய் போர்த்திக்கொண்டு கொட்டகையில் நிற்கிறது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு மோரிஸ் மைனரோ, டட்சனோ, 1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவோ இருக்கிறதா? அப்படியானால் பக்கத்து வீட்டுப் புத்தம்புதுக் காரைவிட உங்கள் கார்தான் திருடனுக்குச் சுலபமான வேலை.

காரணம் சாவியில் இருக்கிறது. புதிய கார்களின் சாவித் தலைக்குள் அரிசி மணி போன்ற ஒரு சில்லு உண்டு. அதற்கு பேட்டரி கிடையாது. சாவியை நுழைத்ததும், பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் ரேடியோ அலையை வீசுகிறது. அந்த அலையிலிருந்தே மின்சாரத்தை எடுத்துக்கொண்டு சில்லு தன் ரகசியக் குறியீட்டைச் சொல்கிறது. குறியீடு பொருந்தாவிட்டால் காரின் கணினி இயந்திரத்தை ஓடவிடாது. இதற்கு இம்மொபிலைசர் என்று பெயர்.

பழைய காரில் இந்த விசாரணையே இல்லை. பேட்டரி, சுவிட்ச், இக்னிஷன் காயில், டிஸ்ட்ரிபியூட்டர், ஸ்பார்க் பிளக், அவ்வளவுதான். ‘நீ யார்?’ என்று கேட்க நடுவில் ஆளில்லை. நாற்பது ஆண்டு தேய்ந்த பூட்டில் வேறொரு காரின் சாவிகூடச் சில வேளை திரும்பிவிடும். 1970க்கு முந்திய பல கார்களில் ஸ்டீரிங் பூட்டும் கிடையாது.

ஐரோப்பிய ஒன்றியம் 1998 முதல் புதிய கார்களுக்கு இம்மொபிலைசரைக் கட்டாயமாக்கியது. அதன் விளைவை நெதர்லாந்தில் ஆராய்ந்தவர்கள், கார்த் திருட்டு பெருமளவு குறைந்ததைக் கண்டார்கள். கூடவே இன்னொன்றும் தெரிந்தது: திருடர்களில் ஒரு பகுதியினர் தொழிலை விடவில்லை, அந்தக் கருவி இல்லாத கார்களின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். புதிய காரின் பூட்டு கெட்டியாகக் கெட்டியாக, பழைய காருக்கு ஆபத்து கூடுகிறது.

இயந்திரத்தைக் கிளப்பக்கூட வேண்டியதில்லை. பட்டப்பகலில் ஒரு பழைய கார் இழுவை லோரியில் ஏறிப்போவதைப் பார்த்தால் நாம் என்ன நினைப்போம்? பட்டறைக்குப் போகிறது என்றுதானே!

சரி, திருடிய பின் அதை எங்கே விற்பது? பெரும்பாலும் முழுக் காராக அல்ல. நம் நாட்டில் பல ஆண்டுகள் அதிகம் களவுபோன கார்களின் வரிசையில் முன்னால் நின்றது புரோட்டோன் வீரா. அது ஆடம்பரக் காரல்ல. சாலையில் லட்சக்கணக்கில் ஓடியதால் அதன் பாகங்களுக்கு ஓயாத தேவை இருந்தது. அறுபதுகளின் காருக்கு நிலைமை தலைகீழ், ஆனால் முடிவு ஒன்றே. கார்கள் சொற்பம், பாகங்களைச் செய்த தொழிற்சாலையோ மூடியாயிற்று. ஒரு முன்விளக்கு வளையத்துக்கும் கதவுக் கைப்பிடிக்கும் மாதக்கணக்கில் அலைகிறவர்கள் இருக்கிறார்கள். உடைத்துப் பிரித்த பாகத்தில் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை.

முழுதாக விற்கிறவனுக்கு எண் ஒன்றுதான் தடை. இன்றைய காரின் அடையாள எண் 17 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டது. பழைய கார்களில் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஒரு குட்டி எண்ணைப் போட்டது. பல பிரிட்டிஷ் கார்களில் அது ரிவிட் அடித்த ஒரு தகட்டில் இருக்கும். தகட்டை மாற்றினால் காரே வேறாகிவிடுகிறது. ஹாலிவுட் இயக்குநர் குவென்டின் டரன்டினோவின் 1964 செவர்லே செவெல், 1994இல் களவுபோனது. கலிபோர்னியாவில் அது அகப்பட்டது 2013இல். எண் மாற்றப்பட்டிருந்தது.

ஆனால் இரும்பில் நேரடியாகக் குத்திய எண்ணை அழிப்பது அத்தனை சுலபமல்ல. அச்சு இறங்கும்போது, கண்ணுக்குத் தெரியும் பள்ளத்துக்கு அடியிலும் உலோகப் படிகங்கள் நசுங்கிச் சிதைகின்றன. திருடன் மேற்பரப்பை அரைத்துத் தள்ளினாலும் அந்த நசுங்கல் கீழே தங்கிவிடும். காப்பர் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த கரைசலைத் தடவினால், நசுங்கிய இடமும் நசுங்காத இடமும் வெவ்வேறு வேகத்தில் அரிக்கப்படும். மறைந்த எண் மெல்ல எழுந்து வரும். கிளந்தான், கூபாங் கெரியானில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில் தடயவியல் ஆய்வாளர் ஆர். குப்புசாமியும் சகாக்களும் இதை முறையாகச் சோதித்து, எஃகில் பொறித்த எண்களை மீட்பது பற்றி 2007இல் கட்டுரை வெளியிட்டார்கள். மிக ஆழமாக அரைத்துவிட்டால் மட்டும் எந்தக் கரைசலாலும் பயனில்லை.

இதில் நேர்மையான உரிமையாளருக்கும் ஒரு சங்கடம் உண்டு. ஐம்பது ஆண்டில் இரண்டு தடவை இயந்திரம் மாறியிருக்கும், துருப்பிடித்த தரைத்தகடு வெட்டி ஒட்டப்பட்டிருக்கும். அப்போதைய பட்டறைச் சீட்டுகளை யார் வைத்திருக்கிறார்கள்? தாத்தாவின் சொந்தக் காரே திருட்டுக் கார் மாதிரித் தெரியும்.

ஆகவே இந்த வாரமே தார்ப்பாயை விலக்கிப் பாருங்கள். பேட்டரி வயரைக் கழற்றி வையுங்கள். கண்ணில் படாத இடத்தில் ஒரு ரகசிய சுவிட்ச் போடச் சொல்லுங்கள். இயந்திர எண், சேசிஸ் எண் இரண்டையும் கிராண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். படம் எடுப்பதோடு, எண்ணின்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுங்கள். எழுத்தின் வடிவமும் இடைவெளியும் அப்படியே பதியும். அந்தத் தாளைக் காருக்குள் வைக்காதீர்கள்.